பதினாலாம் கட்டத்து வரி

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா நாசரேத்தில் கணக்கு வாத்தியார். கணக்குப் படித்த பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மெஷினுக்குப் போகிறாளே என்று உறவுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த மெஷின் ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் சன்னல்களை மூடி ஏசி போட்டிருந்தார்கள். உப்பளத்து வெயிலில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து, உள்ளே நுழைந்ததும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வேன்.

எந்த வேலையை ஓட்டினாலும் முதலில் மெஷினுக்கு ஓர் அட்டையைக் கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் கார்டு என்போம். அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்தைத் துளையிடுகிறோமோ அதன்படி புரோகிராம் நடந்துகொள்ளும். எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று விளக்க ஒரு கையேடு இருந்தது. புரோகிராமில் எதை மாற்றினாலும் புதிதாக ஒரு தாள் டைப் அடித்துக் கடைசியில் கோர்ப்பார்கள். பழைய தாளை எடுக்க மாட்டார்கள். எடுக்கக் கூடாதென்பது எங்கள் அதிகாரியின் உத்தரவு. ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மெஷின் வந்த நாளிலிருந்து அங்கே இருந்தவர்.

“இருந்துட்டுப் போகட்டும்மா, சோறா கேக்குது?” என்பார்.

மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் ஆலந்தலைக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணன் என்றே கூப்பிடுவேன். ஒரு மாதக் கடைசியில் அவர் சம்பளக் கணக்கை ஓட்டப் போகும்போது, கணக்குகள் பதிந்த காந்த நாடாவைச் சுழற்றும் டேப் டிரைவ்களில் இரண்டாவது இயங்கவில்லை. கையேட்டைப் புரட்டினார். “இரண்டாம் டிரைவ் பழுதானால் பதினாலாம் கட்டத்தில் B துளையிடவும்” என்றிருந்தது. அப்படியே செய்தார். கணக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. மறுநாள் காலையில் சம்பளச் சீட்டுகள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன.

மத்தியானத்துக்குள் எங்கள் வாசலில் கூட்டம். ஒவ்வொரு சீட்டிலும் மீதமுள்ள விடுப்பு பூஜ்யம். பொண்ணு கல்யாணத்துக்கென்று லீவைச் சேர்த்து வைத்திருந்த ஃபிட்டர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். “எம் லீவ எவன் தின்னான்?” என்று அவர் கத்தியது ஏசி சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கையேட்டின் கடைசித் தாள்களில் காரணம் கிடைத்தது. கணக்குகளைப் பதிந்து வைக்க டிஸ்க் வாங்கியபிறகு சம்பளக் கணக்குக்கு இரண்டாவது டிரைவே தேவைப்படவில்லை. சும்மா கிடந்த பதினாலாம் கட்டத்துக்கு வேறொரு புரோகிராமர் புதுப் பொருள் கொடுத்திருந்தார்: B என்றால் புது வருடம், பழைய விடுப்பை அழித்துவிடு. அவர் அதற்குள் வேலையை விட்டுப் பம்பாய் போயிருந்தார்.

“யாரக் கேட்டுலே B போட்ட?” என்றார் அதிகாரி.

“புத்தகத்துல போட்டிருக்குல்லா சார்.”

போன மாத டேப் பத்திரமாக இருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் புதுச் சீட்டு கொடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் நிர்வாகத்திலிருந்து அண்ணனுக்கு மெமோ வந்துவிட்டது. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மனிதர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“புத்தகத்துல உள்ளபடி செஞ்சதுக்கு என்னன்னு வெளக்கம் எழுத, தங்கச்சி?” என்றார். “மன்னிப்புன்னு எழுதினா தப்பு எம் மேலன்னு ஆயிரும்லா?”

எனக்கும் கோபம் வந்தது. இரண்டு தாள்களையும் உருவி அதிகாரியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் மாறி மாறிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி, நீயே சுத்தம் பண்ணு. ஆனா எந்த வரிய எடுத்தாலும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் எடுக்கணும்.”

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எதிரில் கையேட்டோடு உட்காருவேன். விற்றுப்போன பிரிண்டருக்குத் தாள் மாட்டும் முறை இருந்தது. எப்போதோ மாறிப்போன மெட்ராஸ் இன்ஜினியரின் போன் நம்பர் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வாதாடுவார். “அந்தப் பிரிண்டர் திரும்பி வந்துச்சுன்னா?” என்றுகூடக் கேட்டார். வராது என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் அடிப்பேன். பதினாலாம் கட்டத்து வரியை மட்டும் “பொறவு பாப்பம்” என்று தள்ளிக்கொண்டே போனார். இத்தனை நடந்தபிறகும் இதையா பிடித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் அவராகவே சொன்னார். “மெஷின் வந்த வருசம் பெருமழைம்மா. கூரை ஒழுகி ஒரு டிரைவ் நனைஞ்சுபோச்சு. சம்பளம் போடணும். ஒத்த டிரைவ வச்சு, கணக்க ரெண்டு பாதியா பிரிச்சு ஓட்டுற மாதிரி நான் எழுதினேன். வீட்டுக்கே போகல. ஒருத்தனுக்கும் சம்பளம் பிந்தல. அந்த B நான் வச்சதும்மா.”

அது அவர் எழுதியது என்று எனக்கு அதுவரை தெரியாது. எரிச்சல் போய்விட்டது. ஆனாலும் வரி போக வேண்டியதுதான்.

“நல்ல புரோகிராம்தான் சார். ஆனா அது இப்ப மெஷின்ல இல்லியே. இங்கன இந்த வரி மட்டும்லா நிக்குது” என்றேன்.

டீயைக் குடித்து முடித்தார். சிவப்புப் பென்சிலை என்னிடமிருந்து வாங்கி அவரே அந்த வரியை அடித்தார். அன்று சாயங்காலமே, தவறு கையேட்டில்தான், ஆபரேட்டரிடம் இல்லை என்று நிர்வாகத்துக்கு எழுதினார். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

புதுக் கையேட்டை டைப் அடிப்பது லேசாக இருந்தது. பழைய பிரதிகளைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. மேசை டிராயர்களிலிருந்து, அட்டைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து, ஃபேன் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த இடத்திலிருந்தெல்லாம் எடுத்தேன். அண்ணன் வேண்டியதையெல்லாம் ஒரு டைரியில் கைப்பட எழுதி வைத்திருந்தார், தரமாட்டேன் என்றுவிட்டார். என் கண்ணெதிரே அந்த ஒரு வரியை மட்டும் மை கொட்டி அழித்துக் காட்டினார். “போதுமா?” என்றார். போதும் என்றேன்.

புதுத் தாள் சேர்ப்பவர் எந்தப் பழைய தாளை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். அதிகாரி முணுமுணுத்தார். சில மாதம் கழித்து, வீட்டு வாடகைப் படி கணக்கிடும் முறை மாறியபோது அவரே ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். அடியில், ஒன்பதாம் தாளை எடுத்துவிடவும் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. நான் ஒன்பதாம் தாளை உருவி, கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.