எண்ணி முடியும்வரை இறக்காத கை

நோரீனை மாநிலப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியவர்கள் நாங்கள்தான். முதலாளிகள் அல்லர், எதிர்க்கட்சி அல்ல. இரண்டு பஸ்களில் போன தமிழர்கள். செவ்வாய்க்கிழமை காலை அவர் இறந்த செய்தி நமது தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சலில் வந்தது. "தமிழரின் உற்ற நண்பி. உடல்நலம் கருதித் தாமாகவே அரசியலிலிருந்து ஒதுங்கியவர்" என்று எழுதியிருந்தார்கள். நண்பி என்றது உண்மை. ஒதுங்கினார் என்றது பொய். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் கொடுக்கும் நினைவு மலரிலும் அதே வரி அச்சாகிறதாம். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இங்கே வந்து, கிளேட்டன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். தொழிற்சங்க அமைப்பாளராக வந்தார். கழிப்பறைக்குப் போகிறவர் கழுத்தில் மரத்தட்டு மாட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அதற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வதா என்று கார் நிறுத்துமிடத்தில் வாக்கெடுப்பு. கவிழ்த்த பால் பெட்டியின் மேல் நோரீன் நின்றார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் நின்றார். நாங்கள் காதளவுக்குக் கையை உயர்த்திவிட்டு உடனே இறக்கினோம்.

"முழங்கை நிமிரட்டும். எண்ணி முடியும்வரை இறக்கக் கூடாது," என்றார் நோரீன். "பாதிக் கையை நான் எந்தப் பக்கம் எண்ணுவது?"

பக்கத்தில் நின்ற செல்வராசா, "மனுசி எங்களைத் திரும்பவும் பள்ளிக்கூடத்தில விட்டிட்டா," என்று முணுமுணுத்தான். முணுமுணுத்தபடியே நிமிர்த்தினான். மரத்தட்டு அந்த மாதமே ஒழிந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கள் சம்பளமும் வேலைநேரமும் எழுதிய உடன்படிக்கைப் புத்தகத்தை நோரீன் என்னிடம் தந்தார். முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடிட்டிருந்தார். அகராதியோடு ஒரு குளிர்காலம் முழுவதும் அதை வாசித்தேன். "வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவன் அடுத்தவனுடைய பேனா" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

பிறகு அவர் பாராளுமன்றம் போனார். குடிவரவு விஷயங்களுக்கும் மாநில உறுப்பினருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் நாம் அவருடைய அலுவலகத்தில்தான் வரிசையில் நின்றோம். "இது என் வேலை இல்லை. உட்காருங்கள், எழுதுவோம்," என்பார். அந்தக் கடிதங்களால் வந்துசேர்ந்த தம்பிமாரும் பெற்றோரும் இன்று கிளென் வேவர்லியில் வீடு வைத்திருக்கிறார்கள்.

அவருடைய கட்சியில், தேர்தலில் தொகுதிக்கு யார் நிற்பது என்பதை உள்ளூர் உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். ஒரு மாலை நமது சங்கப் பிரமுகர் ஒருவர் படிவங்களோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, கட்சியில சேருற ஃபோர்ம். ஆக்கள் கூடினாத்தான் கோயிலுக்குக் காணி கேட்டு அரசாங்கத்தோட கதைக்கலாம். வீட்டில அக்காவும் ஒரு கையெழுத்து வைக்கட்டும்."

"நோரீனுக்குத் தெரியுமோ?"

"ஓம், ஓம். அவவுக்கும் இது பலம்தானே."

வைத்தேன். வாசிக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் கோயில் வாசலிலிருந்து இரண்டு பஸ்கள் புறப்பட்டன. சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு துண்டுக் காகிதமும் தந்தார்கள். நாங்கள் வாக்களிக்கவேண்டியவர் என்று அதில் வேறொருவரின் பெயர் இருந்தது. மண்டப வாசலில் நோரீன் நின்று, இறங்கிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கைகொடுத்து வரவேற்றார். "செல்வா, மகள் மருத்துவம் முடித்துவிட்டாளா?" என்று கேட்டார். செல்வராசாவின் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டு வெளியே தெரிந்தது. நோரீன் அதைப் பார்த்தார். பதில் வரும்வரை அவன் கையை விடவில்லை.

நான் அவருக்குத்தான் வாக்களித்தேன். அதில் பெருமை இல்லை. அந்த மண்டபத்தில் எழுந்து, எங்களை ஏமாற்றிக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தோற்றார்; அடுத்த தேர்தலில் கட்சி மற்றவரை நிறுத்தியது.

அலுவலகத்தைக் காலி செய்யும் நாளில் போய், நானும் கையெழுத்து வைத்தேன் என்று சொன்னேன்.

"வாசித்தாயா?"

"இல்லை."

தரையில் இருந்த காகிதப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அந்தப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடி," என்றார். கார்வரை தூக்கிக்கொண்டு போனோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோயில் காணியும் கிடைக்கவில்லை.

பென்சில் கோடுகளோடு அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அந்தப் பெட்டியின் பாரமும்தான்.

இனிச் செய்யவேண்டியவை. சங்கத் தலைவர் மலரிலிருந்து அந்த வரியை நீக்கவேண்டும். அச்சாகிவிட்டது என்றால் ஒவ்வொரு பிரதியிலும் தன் கையால் வெட்டவேண்டும். படிவம் கொண்டுவந்தவர் அஞ்சலி உரை ஆற்றக் கூடாது. கடைசி வரிசையில் இருந்து கேட்கட்டும். செல்வராசா, நீ வரவேண்டும். கால் வலி என்று சொல்லாதே. அந்தப் பஸ்களில் போனவர்கள் யார் என்று கூட்டத்தில் நான் கேட்பேன். போனவர்கள் முழங்கையை நிமிர்த்திக் கையை உயர்த்தவேண்டும். நோரீனின் மகள் வருகிறாள். எண்ணவேண்டியது அவள். முதல் கை என்னுடையது. அவள் எண்ணி முடிக்கும்வரை இறக்கமாட்டேன்.