சீசன் கூலி

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தேவை கூடினால் விலை கூடும் என்ற பாடத்துக்கு வருடா வருடம் நான் சொல்லும் உதாரணம் குற்றாலத்து லாட்ஜ்தான். கோடையில் எண்ணூறு ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடக்கும் அறை, சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் மூவாயிரத்துக்குப் போகும். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

போன ஜூலையில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், எங்கம்மா லாட்ஜுலதான் ரூம் கழுவுதா. ரூமுக்கு வில கூடுதுல்லா, எங்கம்மாவுக்குக் கூலி மட்டும் ஏன் கூட மாட்டேங்கு?"

புத்தகத்துப் பதிலைச் சொன்னேன். "அந்த வேலைக்கு ஆளு நிறைய இருக்கும்மா. அளிப்பு அதிகமா இருந்தா விலை ஏறாது."

"ஆளு நெறைய இல்ல டீச்சர். ரெண்டு பேரு வேலய எங்கம்மா ஒத்தையிலதான் பாக்கா."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்று ஏறியது. "உக்காரு, பாடத்த முடிக்க விடு" என்று அதட்டினேன். என் கோபம் முதலில் விழுந்தது அந்தப் பிள்ளை மேல்தான்.

இடைவேளையில் மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டு, எந்த லாட்ஜ் என்று விசாரித்தேன். சொன்னாள். என் கணவரின் அண்ணன் நடத்துகிற லாட்ஜ். வயலை விற்று அண்ணனும் தம்பியுமாகக் கட்டியது. மேலகரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடி, அந்த வாடகைப் பணத்தில் எழும்பியது. அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவரின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. இலையில் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டேன்.

"பெரியத்தான், சீசன்ல ரூம் கழுவுறவங்களுக்குக் கூலி கூட்டிக் குடுத்தா என்ன?"

"பள்ளிக்கூடத்துப் பாடத்த இங்கன கொண்டாராதம்மா" என்று சிரித்தார். "சீசன் மூணு மாசம். மிச்சம் ஒம்பது மாசம் கட்டடம் சும்மா கெடக்கு. அந்த நட்டத்த யாரு தாங்குதா? நாந்தான? அப்ப லாபமும் எனக்குத்தான்."

நட்டத்துக்குத் துணிந்தவனுக்கு லாபம் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

"சும்மா கெடக்கற மாசத்துல அவங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"வேல இல்லன்னா எதுக்குச் சம்பளம்? வராதன்னு சொல்லிருவோம்."

"அப்ப நட்டத்துல அவங்களுக்கும் பங்கு இருக்குல்லா? லாபத்துல மட்டும் ஏன் இல்ல?"

சிரிப்பு நின்றது. என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஒனக்கு யாரு இதெல்லாம் ஓதுனா?" என்றார் பெரியத்தான். ஆத்திரத்தில் நாக்கை அடக்காமல் போனேன். "உங்க லாட்ஜுல வேல பாக்குறவ மகதான் கேட்டா. எட்டாங்கிளாசுப் பிள்ள."

செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். முதல் நாளே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன். விடவில்லை.

"எனக்காவப் பேசுங்கன்னு நான் ஒங்ககிட்ட வந்தேனா டீச்சர்?"

"இல்லம்மா, கூலி அநியாயமா இருக்கேன்னு..."

"அது எனக்குத் தெரியாதா? நாங்க நாலு பேரும் பேசி வச்சிருந்தோம். வார சனிக்கெழம ரூமெல்லாம் நெறஞ்ச பொறவு, காலைல தொடப்பத்தக் கீழ போட்டுட்டுக் கேக்கணும்னு. மத்த நாளு கேட்டா போடின்னுருவாரு. அன்னைக்குச் சொல்ல முடியாதுல்லா? அதுக்குள்ள நீங்க போயி உசுப்பி விட்டுட்டிய."

பேரம் பேசும் வலிமை என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவள் நான். அதை எந்தக் கிழமை, எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்று தெரிந்தவள் எதிரில் நின்றாள். என்னிடம் அவள் அனுமதியும் கேட்கவில்லை, உதவியும் கேட்கவில்லை. சோற்று இலை முன்னால் உட்கார்ந்து நான் நியாயம் பேசினேன். வேலை போனது அவளுக்கு.

சனிக்கிழமை மற்ற மூன்று பேரும் சொன்னபடி துடைப்பத்தைப் போட்டுவிட்டார்கள். வரவேற்பறையில் ஆட்கள் பெட்டியோடு காத்து நின்றார்களாம். பெரியத்தான் என் கணவருக்கு போன் செய்து கத்தியது அடுப்படி வரை கேட்டது. "ஒம் பொண்டாட்டி வச்ச தீ!" இல்லை, அது அவர்கள் வைத்தது. அந்தப் பெருமையையும் என் பேரில் எழுதுவதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குள் சீசன் முடியும்வரை கூடுதல் கூலி என்று ஒத்துக்கொண்டார். நாலாவது ஆளையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் அசையவில்லை. அவள் இப்போது செங்கோட்டைப் பக்கம் ஒரு ஓட்டலில் பழைய கூலிக்கே பாத்திரம் துலக்குகிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

"ஒண்ணு அவளத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க, இல்ல நம்ம பங்கப் பிரிச்சு வாங்குங்க" என்று கணவரிடம் சண்டை போட்டேன். "சீசன் முடியட்டும், அண்ணாச்சிட்டப் பேசுதேன்" என்றார். சீசன் முடிந்து மாதங்கள் ஆகின்றன. அவர் பேசவில்லை. நானும் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை. பங்குப் பணம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில்தான் மளிகை வாங்குகிறேன். பெரியத்தான் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. என் மேல் இருப்பது தணியவில்லை.