மஞ்சள் வைத்த பட்டை

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றும் குழப்பம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணம் ஆகாமலேயே பாகிஸ்தான் சண்டையில் செத்துப்போனார். நான் அப்போது பிறக்கவில்லை. அவர் பெட்டியில் வந்தவற்றில் ஒரு சட்டைதான் மிச்சம். காகிதங்களெல்லாம் ஒரு புயலில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரோடு போயின. கல்யாணமாகாமல் செத்தவரை எங்கள் பக்கம் வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அந்தச் சட்டையைப் பலகையில் விரித்து, அதன் கைப்பக்கம் தைத்திருந்த பட்டையின்மேல் குழைத்த மஞ்சளைத் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவாள்.

போன ஆவணியில் கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் சித்தி, அதாவது அப்பாவின் தம்பி மனைவி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க அண்ணன் பட்டாளத்துல கரண்டி புடிச்சவருதானே? அவரையா சாமியாக்கி வெச்சிக்கினு கீற?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் காதருகே சொன்னாள்: "அண்ணன் இன்னாவா இருந்தாருன்னு யாரையாவது கேட்டுக்கினு வாடா. நான் சாவறதுக்குள்ள தெரியணும்."

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பட்டாளத்தில் இருந்து வந்தவர். தினமும் அவரைத் தாண்டித்தான் போவேன். கேட்க வாய் வரவில்லை. மார்கழியில்தான் சட்டையைப் பையில் வைத்து எடுத்துப்போனேன்.

"இன்னா நைனா, எனக்கு நாஷ்டாவா?" என்றார்.

பிரித்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டார். தன் கையில் விரலால் கோடு போட்டுச் சொன்னார்: "வி மாதிரி ஒரு கோடு இருந்தா லான்ஸ் நாயக். ரெண்டு இருந்தா நாயக். மூணுன்னா ஹவில்தார், ஒரு கூட்டத்தையே மேய்க்கிறவரு."

"உங்க தோள்ல ஸ்டார் கீதே சார்?"

"இது ஏஜென்சிக்காரன் குடுத்தது. கடையில யாருக்கு வேணா விப்பான்."

நகத்தால் மெதுவாக மஞ்சளைச் சுரண்டினார். அதோடு சேர்ந்து பட்டையும் பொடியாக உதிர்ந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வருஷா வருஷம் ஈரத்தோட பூசி இத்துப்போச்சுப்பா. ஒண்ணா, மூணான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆர்மி நம்பர் இருக்குதா? எழுதிக் கேக்கலாம்."

இல்லை என்று தலையாட்டினேன். சட்டையை அவரே மடித்துக் கொடுத்தார்.

அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "இன்னாடா சொன்னாரு?"

"தெரியலம்மா. பட்டை இத்துப்போச்சாம்."

"எதால?"

சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மஞ்சளாலயா?"

"ம்."

அதற்குப் பிறகு அவள் தன் அண்ணனைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்றுதான், "இந்தப் பொங்கலுக்குப் படையல் வேணாம். அதை எடுத்துக்கினு போய் போகியில போட்டுடு" என்றாள்.

"ஏம்மா?"

"இருந்ததையும் நானே அழிச்சிட்டேன். இன்னாத்த வெச்சிக் கும்பிடறது?"

இன்று விடியற்காலை தெருவில் எரிந்த பழைய பாய்களோடு போட்டேன். துணி உடனே பற்றிக்கொண்டது. அம்மா வெளியே வரவில்லை.

மார்கழி கடைசி நாள், போகி.