கோழிக்கடையில் எடுத்த பயிற்சி

தகடு கிழித்த விரலோடு கம்பெனியின் முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தேன். நர்சு பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினாள். அந்த வாசனை பிடித்துப்போய்த்தான், கெலமங்கலத்தில் பத்தாவது படிக்கும்போதே நர்சாவது என்று முடிவு செய்திருந்தேன். ரத்தத்தைப் பார்த்து மயங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே கவலை. அதனால் ஞாயிறுதோறும் தோழி ஷபானாவின் அப்பா கோழி அறுக்கும் கடையில் போய் நிற்பேன்.

"வாரம் தவறாம வர்ற, கால் கிலோவாச்சும் வாங்குறியா?" என்பார் அவர்.

"நர்சுக்குப் படிக்கப் போறேன் மாமா. பாத்துப் பழகிக்கிறேன்."

"அப்ப இந்தக் கோழிக்கு ஒரு கட்டுப் போட்டு உடு!"

ஒருநாளும் மயக்கம் வரவில்லை. பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவும் கிடைத்தது. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அம்மாவுக்குக் கால் முறிந்தது. இரண்டு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மா எழுந்து நடந்த பிறகும், விட்டுப்போன பாடங்களை நினைத்துப் பயந்து, நாளைக்குப் போகலாம் என்றே இருந்தேன்.

"வாடி, டீச்சர் என்ன கடிச்சா தின்னுருவாங்க?" என்று ஷபானா வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. படிப்பு அதோடு நின்றது.

"காயத்த நல்லாக் கழுவணும்க்கா. ரத்தம்னா பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க" என்றாள் நர்சு.

பயமில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. மூடிக்கொண்டேன்.