அத்தை கூட்டிப்போய் அச்சு குத்திய கதை

வைசூரி ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் வந்துவிட்டது என்று ஒரு நாள் காலையில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். கரமனையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகினார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வைசூரி வராமலிருக்கக் கையில் மருந்து வைத்துக் குத்துவதை, அச்சு குத்துவது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். இரண்டு பேருக்கும் அதைக் குத்தியிருக்கவில்லை. சர்க்கார் ஆள் முன்பொரு தடவை காசு வாங்காமல் குத்த வந்தபோது, தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. என்னை நெல் பத்தாயத்துக்குப் பின்னால் உட்காரவைத்து, பேசக்கூடாது என்று அம்மா என் கையில் ஒரு முறுக்கு கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

இப்போது அவர் வரமாட்டாரா என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனி டாக்டரிடம் போகலாம், சம்பளம் வரட்டும் என்றார் அப்பா. சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டியில் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வெளியில் போனால் முந்தானையை ஒரு கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். விசேஷ வீடுகளில் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். பிறர் கண்ணுக்கு அந்த முகம் எப்படித் தெரிந்ததோ, எனக்கு அது அத்தையின் முகம், அவ்வளவுதான்.

அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனதும் அத்தை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"மன்னி, சம்பளம் வர்ற வரைக்கும் அது காத்துண்டிருக்காது. நான் கோட்டைக்குப் போய் ரெண்டுக்கும் குத்திண்டு வந்துடறேன்."

"உங்க அண்ணா கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான்தான் தூக்கிண்டு போனேன்னு சொல்லுங்கோ. நெஜம்தானே?"

அம்மா வாசல்வரை வந்தாள். தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. தம்பியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இனி எங்கே போவது என்று அத்தைக்கும் தெரியாதென்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் தெரிந்தவள் மாதிரியே நடந்தாள். கண்டக்டரைக் கேட்டாள், வெற்றிலைக் கடையில் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம்; இங்கே இல்லை, ஹெல்த் ஆபீசுக்குப் போங்கள் என்றார்கள். ஹெல்த் ஆபீசில் இருந்த குமாஸ்தா, குத்துகிற ஆள் வெளியே போயிருப்பதாகவும் நாளைக்கு வரும்படியும் சொன்னார்.

"வெளியிலன்னா எங்கே?" என்று அத்தை விடாமல் கேட்டாள்.

அவருக்கு அது பழக்கமில்லாத கேள்வி போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார்.

வெயில் ஏறிவிட்டது. தம்பி அழ ஆரம்பித்தான். எனக்குக் கால் வலித்தது. திரும்பிப் போய்விடலாம் அத்தை என்றேன். "இதோ, வந்தாச்சு" என்றாள். வழி கேட்டுத்தான் நடந்தாள் என்றாலும், அவள் குரலைக் கேட்டால் வந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, குத்திக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் எந்த இடம் என்று மலையாளத்தில் கேட்டார். கரமனை என்றாள் அத்தை.

"கரமனையோ? அது வேறே வார்டு. அவிடத்தே ஆள் வரும்."

"வர்றதில்லையே, சாரே."

"வந்நால் நிங்ஙள் கதவடைக்கும். பின்னே எங்ஙனெ வரும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. கன்னத்தில் பிடித்திருந்த முந்தானையை விட்டாள். அத்தனை பேர் நடுவில், அந்த வெயில் வெளிச்சத்தில், அவருக்கு நேரே குனிந்தாள்.

"வைசூரி வருந்நது வார்டு நோக்கியிட்டாணோ, சாரே? வார்டு பாத்துண்டா அது வர்றது? என் முகத்தைப் பாருங்கோ. எனக்கு அது வந்தப்போ யாரும் கதவு தட்டலை."

அவர் அத்தையின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துத் துடைத்தார். ஒரு சொட்டு மருந்தை வைத்து, வட்ட முனையுள்ள கருவியை அதன்மேல் அழுத்தித் திருகினார். அடுத்து எனக்கு. நான் அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அழுதேன். கிளம்பும்போது, "நானே வருகிறேன், உங்கள் தெருவில் கதவு திறக்க வைப்பீர்களா?" என்ற மாதிரி ஏதோ கேட்டார். "திறக்கும்" என்றாள் அத்தை, தெருச் சாவியே தன் இடுப்பில் இருப்பதைப்போல.

தம்பிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது விடுகிறவரைக்கும் அப்பா அத்தையோடு பேசவில்லை. தம்பி பழையபடி தவழ்ந்துபோய் வாளித் தண்ணீரைக் கவிழ்த்த அன்றுதான், "இவனைப் பார்த்தியா?" என்று அவளிடம் முதல் வார்த்தை பேசினார்.

காக்கிச் சட்டைக்காரர் சொன்னபடி வந்தார். அத்தை முன்னால் நடந்தாள், முந்தானையைக் கன்னத்தில் பிடிக்காமல். தம்பியைத் தூக்கி அவன் கையைக் காட்டி, ஒவ்வொரு வாசலிலும் கூப்பிட்டாள். சில கதவுகள் உடனே திறந்தன. மற்றவை அவள் வாசலைவிட்டு நகராததால் திறந்தன. கோவில் வாசலில் வைத்துப் பெரியவர்களும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா நின்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் பெட்டியை மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தைக்குக் குத்தவே இல்லை! எல்லாரையும் நிக்கவெச்சுட்டு அத்தை மட்டும் தப்பிச்சுண்டுட்டா!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அத்தை அவள் கையை விலக்கி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் எப்பவோ குத்திண்டாச்சுடி. உன் வயசுலயே. உங்களுக்கெல்லாம் கையில மட்டும். எனக்கு உடம்பு பூரா."

அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அப்பா ஏன் விறுவிறுவென்று தெருக்கோடிக்கு நடந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. என் வயதில், உடம்பு முழுவதும் குத்தும்போது, அத்தை அழுதிருக்கவே மாட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது.