பாய் கடையில் சாப்பிடும் இரண்டு டாக்டர்கள்

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் முதலில் தேய்வது வாய்தான். எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூரில் அந்த வேலையைப் பார்த்தேன். "வேற எங்கயாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பேன். எல்லோரும் இல்லை என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே டின்

ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். அவருக்கு இருதய பலவீனம், டிகாக்சின் கொடுத்திருந்தோம். அந்த அம்மாவுக்குக் கால் வீக்கம். நீர் இறங்க மாத்திரை. ஒருநாள் அவர் வாந்தியும் மயக்கமுமாக வந்தார். பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். நீர் மாத்திரை உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டால், டிகாக்சின் விஷமாகிவிடும். இவருக்கு ஏது நீர் மாத்திரை?

விசாரித்தால், தோட்டத்து லயத்து வீட்டில் இரண்டு பேருடைய மாத்திரைகளையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டி, ஆளுக்குச் சரிபாதி சாப்பிட்டிருக்கிறார்கள். நல்லவேளை, இருவரும் தேறினார்கள். நான் கத்தியதற்கு அந்த அம்மா சொன்னது: "புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்ன லா உன்னுது என்னுது?"

பாயின் மரியாதை

பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், எங்கள் டாக்டரிடம் பிரஷருக்குப் புரோபிரனோலால் வாங்குகிறவர். நல்ல மனுஷர். எனக்குப் பொட்டலம் கட்டினால் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாகவே ஊற்றுவார். ஒரு மத்தியானம் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். டாக்டரோடு நானும் ஓடினேன். நாடியைத் தேடவேண்டியிருந்தது. ஒரு துடிப்பு வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டும்.

அவர் மனைவி கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு மருந்து உறையை எடுத்து நீட்டினார். அடுத்த தெரு கிளினிக்கின் உறை. உள்ளே நெஞ்சுப் படபடப்புக்கு வெராபமில். தனித்தனியே இரண்டும் நல்ல மாத்திரைகள். சேர்ந்தால் இருதயத்தை மெதுவாக்கி மெதுவாக்கி நிறுத்தியே விடும். ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்ததே பெரிசு.

வார்டில் போய்ப் பார்த்தபோது கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் பாய் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டு டாக்டரும் நம்ம கடையிலதான் சாப்பிடுறாங்க தங்கச்சி. ஒருத்தரு மருந்த மட்டும் தின்னா, இன்னொருத்தரு மனசு என்ன பாடுபடும்?"

சமரசம்

இனிமேல் ஒரே டாக்டர், ஒரே கிளினிக் என்று ஆஸ்பத்திரியில் கண்டித்து அனுப்பினார்கள். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சில வாரம் கழித்துக் கவுண்டருக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் பழைய களை. அவரைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

பாய் பெருமையாகச் சிரித்தார். "இனி குழப்பமே இல்ல தங்கச்சி. பிரஷரு உங்க டாக்டருக்கு, நெஞ்சு அந்த டாக்டருக்கு. பிரிச்சுக் கொடுத்துட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்த அடுத்த தெரு கிளினிக் உறையை உருவிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அந்த வேலையில் இருந்தவரை நான் மருந்து கொடுத்ததைவிடப் பிடுங்கியதுதான் அதிகம்.