கண்ணையன் விழுந்த காட்சி

திருத்தணியில் கல்யாண ஊர்வலம் பார்த்தவர்களில் கண்ணையனின் டிரம்பெட்டைக் கேட்காதவர்கள் குறைவு. ஆளைக் கவனித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியும் போட்ட கூட்டத்தில் ஒருவர். ஒல்லி, உயரம். ஊதாத நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டே நடப்பார். முகூர்த்த மாதங்களில் மைத்துனர் வீராசாமியின் பேண்டு செட்டில் ஊதுவார். மற்ற மாதங்களில் கரும்பு வெட்டவும் மாங்காய் லோடு ஏற்றவும் போவார். மனைவி கல்பனா, வீராசாமியின் தங்கை, வேர்க்கடலைக் கொல்லைகளில் களை எடுப்பவர். ஒரே மகள் கனிமொழி காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். பொதட்டூர்பேட்டை போகும் சாலையோரக் காலனியில் வீடு.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். அப்போது கண்ணையன் மட்டும் தனியாக ஒன்று ஊதுவார். அது எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. ஒரே சுரத்தை நீளமாக இழுத்துப் பிடித்து, இனி மூச்சு தாங்காது என்று கேட்பவர்கள் நினைக்கும்போது மளமளவென்று கீழே இறங்கி வரும்.

“எங்க புடிச்ச பாவா இத?” என்று வீராசாமி தங்கை புருஷனிடம் ஒருமுறை கேட்டார்.

“தெரியல மச்சான். சும்மா வந்துச்சி.”

மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் வளவன் என்ற உதவி இயக்குநரின் அக்கா கல்யாணம் நடந்தது. அதற்கு வந்திருந்த சினிமா இயக்குநர் அந்த ஊதலைக் கேட்டுவிட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டார். அடுத்த சித்திரையில் அவருடைய படத்தில் ஒரு ஊர்வலக் காட்சி எடுக்க வேண்டியிருந்தபோது, நடிகர்களுக்குக் கோட்டு மாட்டி வாத்தியத்தைக் கையில் கொடுப்பதெல்லாம் வேண்டாம், அதே பேண்டு செட், அதே தெரு, நேரில் ஊதுகிற சத்தமே படத்தில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெண்ணின் மாமன் குடித்துவிட்டு பேண்டு முன்னால் ஆடுவதுதான் காட்சி. அந்த வேஷத்தில் பேர்போன சிரிப்பு நடிகர்.

படப்பிடிப்பு காலையில் தொடங்கியது, உச்சி வெயில் ஏறியும் முடியவில்லை. ஒரு தடவை கூட்டத்தில் யாரோ கேமராவைப் பார்த்தார்கள். ஒரு தடவை பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தடவை நடிகருக்கே திருப்தியில்லை. கம்பளிபோலக் கனத்த கோட்டுக்குள் எல்லோருக்கும் வேர்வை வழிந்தது.

“மச்சான், தலை ஒரு மாதிரி குத்துது. இந்தக் கை வேற மரத்துப்போவுது” என்றார் கண்ணையன்.

“வெயிலு பாவா. இந்தா, மோரு குடி. இன்னும் ஒரே தபாதான்னு சொல்றாங்கோ.”

இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “நான் கட் சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது. நடுவுல என்ன ஆனாலும் வாசிச்சுக்கிட்டே இருங்க.”

அந்தத் தடவை எல்லாம் கூடி வந்தது. நடிகர் ஆடினார். மேளம் ஓய்ந்த இடத்தில் கண்ணையன் நீளச் சுரத்தைப் பிடித்தார். அது இறங்க வேண்டிய இடத்துக்கு வரும் முன்பே பீறிட்டுக் கோணியது. டிரம்பெட் வாயிலிருந்து நழுவியது. கால் மடங்கி முழங்காலில் நின்றார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தார்.

நடிகர் ஒரு கணம் திகைத்தார். அனுபவசாலி, உடனே அதைக் காட்சியோடு சேர்த்துக்கொண்டார். தள்ளாடியபடி வந்து கண்ணையனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கீழே கிடந்த டிரம்பெட்டை எடுத்து அவர் காதோரம் வைத்து ‘பீ’ என்று ஊதினார். சுற்றி நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஓய்ந்திருந்த மேளங்கள் மறுபடி தொடங்கின, நிற்கவில்லை. வீராசாமி பெரிய மேளத்தை அடித்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார். கால் தடுக்கியிருக்கும், நல்லவேளை, ஆள் எழுந்து ஷாட்டைக் கெடுக்காமல் கிடக்கிறார் என்றுதான் நினைத்தார். அவரும் சிரித்தார்.

“கட்!” கைத்தட்டல் எழுந்தது. இயக்குநர் ஓடிவந்து நடிகரைக் கட்டிப்பிடித்தார்.

“பாவா, எய்ந்திரு. கட் சொல்ட்டாங்க” என்று வீராசாமி குனிந்தார். கண்ணையனின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் மட்டும் அவரைப் பார்த்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து சென்னைக்கு. மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இவருக்கு பிரஷர் உண்டா என்று கேட்டார். கல்பனாவுக்குத் தெரியவில்லை. யாரும் பார்த்ததில்லை.

உயிர் மிஞ்சியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது: ஆங். பசித்தாலும் ஆங், வலித்தாலும் ஆங், மகள் தலை வாரிவிட்டாலும் ஆங். வேண்டாம் என்பதற்கும் அதேதான். சொல்லும் விதத்தை வைத்து எதற்கு என்று கண்டுபிடிக்கக் கல்பனா பழகிக்கொண்டார். வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை.

அந்த ஆடியில் ஒருநாள் வளவன் பழப்பையோடு வந்தான். கல்பனா கொல்லைக்குப் போயிருந்தார், கனிமொழி காலேஜுக்கு. பக்கத்து வீட்டு கெங்கம்மாள்தான் உள்ளே கூட்டிப் போனார். வளவன் கண்ணையனின் கட்டிலருகே உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்து நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணே, நீங்க ஊதின சீன் படத்துல ரொம்ப நல்லா வந்திருக்கு. விழுந்ததும் இருக்கு. அப்படியே வெச்சுக்கலாமா?”

“ஆங்” என்றார் கண்ணையன்.

“உங்களுக்குச் சம்மதந்தானே?”

“ஆங்.”

கெங்கம்மாள் சாயங்காலம் இதைச் சொன்னபோது, யாரோ மரியாதைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கல்பனா நினைத்துக்கொண்டார்.

படம் வெளியான முதல் வாரம் வீராசாமி ஆட்டோவோடு வந்தார். “நம்ம பேண்டு சினிமாவுல வருது தங்கச்சி. பாவா பாக்காம யாரு பாக்குறது?” என்றார். அவருக்கும் விழுந்தது படத்தில் இருப்பது தெரியாது. தியேட்டர் ஆட்கள் இருவர் உதவ, கண்ணையனைத் தூக்கி வரிசையின் நடுவில் உட்காரவைத்தார்கள்.

பேண்டு செட் திரையில் வந்ததும் ஜனங்கள் விசிலடித்தார்கள், எங்க ஊரு என்று கத்தினார்கள். நீளச் சுரம் அரங்கம் முழுக்க நிறைந்தது. கண்ணையனின் இடது கை கல்பனாவின் மணிக்கட்டில் இருந்தது. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கின. அந்தக் கை டிரம்பெட்டின் கட்டைகளை ஒருநாளும் அழுத்தியதில்லை. அது வலது கையின் வேலை. கல்பனா திரையை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அரங்கம் அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். புருஷன் தரையில் கிடக்கிறார். நடிகர் காதில் ‘பீ’ என்று ஊதுகிறார். முன்வரிசையில் ஒருவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

கனிமொழி எழுந்து நின்றாள். “சிரிக்காதீங்க! எங்க நைனா அது! நெஜமாவே வுயுந்தாரு, சிரிக்காதீங்க!”

“ஏம்மா, உக்காரும்மா. மறைக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வெளியே போய்விடலாம் என்றால் இருட்டில் அவரை வரிசையிலிருந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. இடைவேளை வரை உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் படத்தில் அந்த விழுதல் இன்னொரு தடவையும் வந்தது. கதாநாயகன் அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறான். வீராசாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். கண்ணையனின் விரல்கள் அசையாமல் கிடந்தன.

மறுநாள் கல்பனா வளவனுக்குப் போன் செய்தார். மகளிடம் பேசச் சொல்லவில்லை, தானே பேசினார்.

“அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் அக்கா வெச்சோம். சரின்னு சொன்னார். வீடியோ இருக்கு” என்றான் அவன்.

“அவருக்கு அது ஒண்ணுதான்யா வருது. நீ செத்துப்போறியான்னு கேட்டாலும் ஆங்னுதான் சொல்லுவாரு. அது உனுக்குத் தெரியாதா?”

“டைரக்டர்கிட்ட சொல்றேன் அக்கா” என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கப்படவில்லை.

படம் ஓடியது. படத்தைவிட அந்தக் காட்சி அதிகம் ஓடியது. போன்களில் கண்ணையன் விழுந்துகொண்டே இருந்தார். கிரிக்கெட்டில் யாராவது அவுட் ஆனால் அவர் விழுவார், தேர்தலில் யாராவது தோற்றால் அவர் விழுவார். கனிமொழியின் வகுப்பு குரூப்பில் ஒரு பெண் அதை அனுப்பினாள், யாரென்று தெரியாமல். கனிமொழி எதுவும் எழுதாமல் குரூப்பை விட்டு வெளியேறினாள். யார் யாரோ பையன்கள் வீடு தேடி வந்து, கட்டிலோரம் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். “விழுந்தது நீங்கதானேண்ணே?” “ஆங்.” கல்பனா வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கெங்கம்மாளிடம் கொடுக்க ஆரம்பித்தார்.

வீராசாமியின் பேண்டு செட்டுக்கு இதனால் கிராக்கி வந்தது. சோளிங்கர், அரக்கோணம், ஆந்திரப் பக்கம் நகரி வரை கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். வீராசாமி முதலில் முடியாது என்றார். சில இடங்களில் மாப்பிள்ளையின் நண்பர்கள் சண்டைக்கே வந்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த டிரம்பெட்காரர் சந்திரமோகன், “இதுல இன்னாண்ணா இருக்குது, நான் வுயுறேன்” என்றார். மடித்த கோணிப்பை ஒன்றைத் தரையில் போட்டு, கண்ணையனின் சுரத்தை ஊதி, அதே மாதிரி கோணலாக்கி விழுந்தார். மாப்பிள்ளையின் மாமன் யாராவது ஓடிவந்து காதில் ஊதுவார். ஊர்வலம் சிரிக்கும்.

கல்பனாவின் காதுக்கு இது வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போனார், உள்ளே போகவில்லை.

“நெஜமாண்ணா?”

வீராசாமி தலையைத் தூக்கவில்லை. “நான் இன்னா பண்றது தங்கச்சி? அதுக்குத்தான் கூப்புடுறாங்க. செட்டுல இருக்கறவங்களும் சோறு துண்ணணுமில்ல?”

“பக்கத்துல நின்னுகினு இருந்தியே. அன்னிக்கு நீ மேளத்த நிறுத்தியிருந்தா?”

கல்பனா திரும்பி வந்துவிட்டார். அதோடு அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்தினார்.

அடுத்த வருஷம் ஆவணியில் காலனியிலேயே ஒரு கல்யாணம். பெண் வீட்டார் வீராசாமியின் செட்டைத்தான் சொல்லியிருந்தார்கள். கண்ணையன் வீட்டுத் தெரு வழியாகப் போகக் கூடாது என்று வீராசாமி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பெரிய தெருவில் பள்ளம் தோண்டியிருந்ததால் மாப்பிள்ளை வண்டி இந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. வெயில் தாழ்ந்த நேரம். கல்பனா கண்ணையனைக் காற்றாட வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தார்.

இளவட்டங்கள் கத்தினார்கள். வீராசாமி கையை ஆட்டி வேண்டாம் என்றார். சந்திரமோகன் அதற்குள் ஊதத் தொடங்கியிருந்தார். சுரம் ஏறியது, நீண்டது, கோணியது. சந்திரமோகன் விழுந்தார்.

தெருவே சிரித்தது. வாசலில் இருந்த கண்ணையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போயிற்று. “ஆங்! ஆங்!” என்று கத்தினார். இடது கையால் அந்த மனிதரைக் காட்டினார், பக்கத்தில் நின்றவர்களைக் காட்டினார், மறுபடியும் அந்த மனிதரைக் காட்டினார். யாரும் தூக்கப் போகவில்லை. அவரே நாற்காலியின் பிடியை ஊன்றி எழுந்தார். நோய் கண்ட நாளிலிருந்து ஒருநாளும் தானாக எழுந்ததில்லை. இடது காலை ஒரு எட்டு வைத்தார். வலது கால் வரவில்லை. முகம் குப்புற வாசல் படியைத் தாண்டித் தெருவில் விழுந்தார்.

விழுந்த பிறகும் இடது கையை மண்ணில் ஊன்றி, சந்திரமோகன் கிடந்த பக்கமாக உடம்பை இழுத்தார்.

சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். மேளம் நின்றது. வீராசாமி மேளத்தைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். சந்திரமோகன் கோணிப்பை மேலிருந்து எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைத் தூக்கத்தான் கண்ணையன் வந்தார் என்பது அவருக்குப் புரிந்தது. கண்ணையன் சந்திரமோகன் நிற்பதைப் பார்த்தார். “ஆங்” என்றார், மெதுவாக. கல்பனா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அந்தச் சொல் காதில் விழுந்தது. அது நிம்மதியில் சொல்லும் ஆங் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு கட்டில்தான். ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு விடியற்காலையில் கண்ணையன் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டுக்கு வீராசாமி செட்டோடு வந்து தெருமுனையில் நின்றார். அடிக்கலாமா என்று கேட்டுவரக் கெங்கம்மாளை அனுப்பினார்.

கல்பனா யோசித்தார். “மேளம் அடிக்கட்டும். ஊதற சத்தம் வேணாம். ஒருத்தரும் ஆடக் கூடாது” என்றார்.

அப்படியே நடந்தது. நந்தி ஆற்றங்கரைச் சுடுகாடு வரை மேளம் மட்டும் அடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டு அடித்து முடித்ததும், வழக்கத்தால், எல்லோரும் கொஞ்சம் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. பிறகு வீராசாமி அடுத்ததை எடுத்தார். சந்திரமோகன் வெறுங்கையோடு, மழையில் நனைந்தபடி, பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கியிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சாயங்காலம் வீராசாமி, தங்கை வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கல்பனா கனிமொழியிடம் ஒரு டம்ளர் டீ கொடுத்து, “மாமாவுக்குக் குடு” என்று அனுப்பினார். தான் வெளியே வரவில்லை. அண்ணனோடு இன்றுவரை பேசவில்லை.